பல்லுக்காரரின் விமானம்

தேயிலை வடிகட்டியை வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். பாத்திரக் கடைக்காரர் சலிக்காமல் இன்னொரு வடிகட்டியை எடுத்து நீட்டினார்.

“இதவிட நெருக்கமான வலை இருக்குங்களா?”

“டீத்தூளுக்கு இதுவே சன்னம்தாங்க.”

“டீத்தூளுக்கு இல்ல. ரேடியேட்டருக்கு.”

கடைக்காரர் வியப்படையவில்லை. போன மாதம் இதே மனிதர் ஒரு விளக்குமாற்றைப் பிரித்து, குச்சிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, ஏழெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை முன்னிருந்ததைவிட அழகாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, முழு விளக்குமாற்றுக்கும் விலையை வைத்துச் சென்றவர். “இவர் வாங்கறத எதுக்குன்னு நான் கேக்கறதே இல்லம்மா. கேட்டா அரை நாள் போயிடும். என்ன ஒண்ணு, கேக்க நல்லா இருக்கும்,” என்று அடுத்து நின்ற என்னிடம் சொன்னார் கடைக்காரர்.

சிறிய பொருள் எதைக் கண்டாலும் அதைப் பதினாறு மடங்கு பெருக்கிப் பார்ப்பது அவருடைய வழக்கம். குண்டூசித் தலை அவருக்கு ஒரு கைப்பிடிக் குமிழ். தீக்குச்சி, மேலிறக்கைக்கும் கீழிறக்கைக்கும் நடுவே நிற்கும் தூண். சட்டைப் பித்தான், கம்பி ஓடும் கப்பி. ஒருமுறை முடிதிருத்தும் கடையில், மடிமீது விழுந்த தம் நரைமுடியொன்றை இரு கை விரல்களாலும் இழுத்துப் பிடித்து, “அங்க இது நல்ல கம்பிங்க,” என்றாராம். அவர் ‘அங்க’ என்று சொல்வது, எல்லாம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிய ஓர் உலகத்தை. நாள்தோறும் அங்கே போய்வருபவரைப்போலவே பேசுவார்.

எங்கள் தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றே அழைப்பார்கள். பல் மருத்துவமனையின் பின்புறத்தில், சன்னலோரம் ஒரு நீள மேசை போட்ட அறையில், செயற்கைப் பற்கள் செய்வது அவருடைய தொழில். என் கீழ்வரிசை அவர் கைவேலைதான். இத்தனை ஆண்டுகளில் ஒரு ழகரத்தைக்கூட அது குழறவிட்டதில்லை. மெழுகில் பல்லைச் செதுக்குவார். பிளாஸ்டர் மாவில் அச்செடுப்பார். சிறிய உலையில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார். எதிரே நின்று பார்ப்பவருக்கு வாயின் வலப்பக்கம் இடப்பக்கமாகத் தெரியும். அச்செடுத்தால் மேடு பள்ளமாகும். கண்ணாடியில் பார்த்தால் பக்கங்கள் மாறும். ஆகவே, ஒவ்வோர் அச்சின் விளிம்பிலும் ‘வ’ என்றும் ‘இ’ என்றும் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் கையையே வைப்பார். “வாய்க்குள்ள வலது இடது மாறிச்சுன்னா மனுசன் மெல்ல முடியாது பாருங்க,” என்பார். அவர் செய்த பல் பக்கம் மாறித் திரும்பி வந்ததாக ஒரு நாளும் நடந்ததில்லை என்று மருத்துவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்தபின், அவர் தம் விமானத்திடம் போவார். மாடிப் பகுதியில் அவர்களுக்கு இருப்பவை இரண்டே அறைகள். முன்னறையில் அவருடைய மனைவி ஆடவர் உடைகளைத் தைக்கிறார். சட்டை, கோட்டு, கால்சட்டை, பள்ளிச் சீருடை. பின்னறையில் விமானம். “எங்க வீட்ல பிளேனுக்கும் தையல் மெஷினுக்கும்தான்மா ரூம். நாங்க ரெண்டு பேரும் விருந்தாளிங்க,” என்று அந்த அம்மாள் சிரிப்பார். இரவில் தையல் மேசையை ஒதுக்கிவிட்டுத்தான் படுக்கையை விரிக்க வேண்டும்.

விமானம் என்றவுடன், கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கும் துண்டுகளை வரிசையெண் பார்த்து ஒட்டுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை நான் அவ்வாறு நினைத்துப் பேசியபோது அவர் கோபப்படவில்லை. ஆனால் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். “பெட்டியில வர்றது யாரோ யோசிச்சு முடிச்சதுங்க. நாம ஒட்டுறோம், அவ்வளவுதான். இது அப்படி இல்ல. இங்க ஆணி வேணும்னா ஆணியும் நாமதான் பண்ணணும்.” உண்மையிலேயே ஆணிகளை அவர்தாம் செய்கிறார். மரப்பலகையை இழைத்து இழைத்துத் தாளளவுக்கு மெல்லியதாக்கி, ஆவியில் காட்டி, அச்சின்மேல் வளைத்து, மூன்று படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் இறக்கையின் ஒரு விலா உருவாகும். ஓர் இறக்கைக்கு அத்தகைய விலாக்கள் பல வேண்டும். அவற்றுள் ஒன்றன் வளைவு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லையென்றால் எல்லாவற்றையும் மீண்டும் செய்வார். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துச் சைக்கிள் சக்கரங்களைக் கட்டுவார். இன்ஜினை மெழுகில் செதுக்கி, பல்லுக்கு வார்ப்பதுபோலவே உலோகத்தில் வார்த்தார். நான்கு சிலிண்டர்களும் கடைவாய்ப் பற்களைப்போல வரிசையாக நிற்கும். ஓட்டுபவரின் இருக்கைக்குத் தோல், மனைவியின் பழைய கைப்பையிலிருந்து வந்தது. கைப்பை அப்போது அவ்வளவு பழையதாக இல்லை என்பது அந்த அம்மாளின் தரப்பு.

வானூர்திகளின் தொடக்க காலத்தைத் தாண்டி அவர் ஒரு நாளும் வந்ததில்லை. குச்சியும் துணியும் கம்பியுமாக மனிதன் முதன்முதலில் தரையை விட்டு எழும்பிய அந்தச் சில ஆண்டுகளோடு அவருடைய ஆர்வம் நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். “அப்புறம் வந்ததெல்லாம் தகரம் போட்டு மூடிட்டாங்க. உள்ள என்ன இருக்குதுன்னே தெரியாது. இதுல பாருங்க, எல்லாம் வெளிய தெரியுது. ஒரு முடிச்சு தப்பாப் போட்டா வானத்துக்கே தெரியும். மறைக்க எடமே கெடையாது.” சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமையன்று, மறைக்க இடமில்லாத ஒன்றைக் கண்ட நிம்மதி.

கம்பிகளை முறுக்கேற்றும் நாளில் அவரோடு பேச முடியாது. இறக்கைகளுக்கிடையே குறுக்காக ஓடும் கம்பிகளைச் சுட்டுவிரல் நுனியால் சுண்டிச் சுண்டி, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றைச் சற்று இறுக்கினால் எதிர்மூலைக் கம்பி தளரும். அதைச் சரிசெய்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். “ஒருத்தனத் தட்டிக் குடுத்தா எதிர்ல இருக்கறவன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான்,” என்று முணுமுணுப்பார். முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி உடனே குரல் கொடுப்பார்: “இங்க என் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கு. கடைக்குப் போய்ட்டு வந்துட்டு மத்தவங்களச் சமாதானம் பண்ணுங்க.”

அந்த அம்மாளின் தம்பி வேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காள் வீட்டுக்கு வந்து, பின்னறை வாசற்படியில் சாய்ந்து நின்று, அத்தானை வம்புக்கிழுக்காமல் போகமாட்டார்.

“என்னத்தான், ரெண்டு வருசமா ரன்வேயிலயே நிக்குது? சிக்னல் கெடைக்கலயா?”

“இது பறக்கறதுக்கு இல்ல, மாப்ள. அசலே ஒரே ஒரு தடவதான் பறந்துச்சு.”

“ஒரு தடவையா? என் வேனே நாலு தடவ பறந்திருக்கே, அந்தப் பாலத்துப் பள்ளத்துல!”

ஒரே ஒரு முறை பறந்த அந்த அசலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நூறாண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒருவர், தாமாகவே ஒரு விமானத்தைக் கட்டி, ஊருக்கு வெளியே உள்ள வெட்டவெளியில் ஒரு காலைப்பொழுதில் அதைப் பறக்கவிட்டார். அது சிறிது தொலைவு சென்று ஒரு கால்வாய்க்குள் விழுந்தது. அவர் சேற்றோடு எழுந்து வந்தார். இன்ஜினைக் கழற்றி ஒரு மாவு மில்லுக்கு விற்றுவிட்டு, மறுபடியும் சைக்கிள்களுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். வரைபடம், குறிப்பு என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. எஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். இருக்கையில் அவர் அமர்ந்திருக்கிறார். விமானத்தின் பக்கத்தில், கோட்டு அணிந்த மூன்று நண்பர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். தடித்த அட்டையில் ஒட்டிய அந்தப் படம் இப்போது அவருடைய பேரனிடம் இருக்கிறது. பேரன் என்றதும் சிறுவனை நினைக்க வேண்டா. ஐம்பது வயதைக் கடந்தவர், எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

ஊர் நூலகத்தின் முன்கூடத்தில் அந்த விமானத்தின் மாதிரியொன்றை வைக்க வேண்டுமென்று முடிவாயிற்று. அதைச் செய்துதருவதாகப் பல்லுக்காரர் தாமே போய்ச் சொன்னார். மருந்துக்கடைக்காரரிடமிருந்து படத்தை இரவல் வாங்கி, விமானம் இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பல படிகள் எடுத்துச் சுவர் முழுவதும் ஒட்டினார். நண்பர்கள் மூவரும் அவருக்கு அளவுகோல்களாக மட்டுமே பயன்பட்டார்கள். ஆளின் உயரத்தை வைத்து இறக்கையின் நீளத்தைக் கணக்கிட்டபின், அவர்களை வெட்டி ஒதுக்கிவிட்டார்.

சுவரிலிருந்த படங்களை உற்றுப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு புதிர் எழுந்தது. இன்ஜினை நடுவே வைக்காமல் ஒரு பக்கமாக வைத்து, மறுபக்கத்தில் ஓட்டுபவர் அமரும் விமானங்கள் அக்காலத்தில் உண்டு. அவற்றின் படங்கள் எத்தனையோ அவரிடம் இருந்தன. அவை எல்லாவற்றிலும் இன்ஜின் ஓட்டுபவரின் வலப்புறம் இருந்தது. முதன்மையான நெம்புகோலும் அவருடைய வலக்கைக்கு எட்டுமாறு இருந்தது. இந்த ஊர்க்காரரின் விமானத்தில் மட்டும் இரண்டும் இடப்புறம் இருந்தன. வாரக்கணக்கில் அதையே எண்ணிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தேநீரைக் குடிக்காமலே எழுந்து மருந்துக்கடைக்கு ஓடினார்.

“உங்க தாத்தா இடதுகைக்காரருங்க! அவர் கைக்குத் தோதா எல்லாத்தையும் மாத்திக் கட்டியிருக்காரு. யாரும் பண்ணாததப் பண்ணியிருக்காரு!”

மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே அமர்ந்துவிட்டார். பிறகு தம் இடக்கையைத் தூக்கி, அதை அன்றுதான் பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவரும் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவர். சிறுவயதில் அந்தக் கையை நீட்டினால் அவருடைய தந்தை அடிப்பார். எழுதும் நேரத்தில் அதை நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டிவைப்பார். “சோத்தாங்கை எதுன்னு தெரியாதவன் என்னத்தப் பொழைப்பான்” என்பது தந்தையின் ஓயாத வசவு. வளர்ந்தபிறகும் அவர் வலக்கையாலேயே எழுதினார். மருந்து உறைமேல் அவர் எழுதும் எழுத்துகள் காற்றில் சாய்ந்த பயிர்போல இருக்கும். ‘காலை’ எது, ‘மாலை’ எது என்று நாங்கள் மறுபடியும் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவருடைய தாத்தாவும் இடக்கைக்காரர்தாம் என்ற செய்தி வந்த மறுநாளிலிருந்து அவர் இடக்கையால் எழுதத் தொடங்கினார். ஐம்பது வயதுக்குமேல், கடை நடுவில், வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க. சில மாதங்களிலேயே எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. “எங்க தாத்தா கைங்க இது,” என்று புதிதாக வருபவர்களிடமெல்லாம் காட்டுவார். முன்பு குனிந்தே இருந்த மனிதர், வாய்விட்டுச் சிரிக்கவும் கற்றுக்கொண்டார். நூலகத்தில் வைப்பதற்கான பலகையிலும் ‘இடக்கையால் வானை ஆண்டவர்’ என்று எழுதி ஆயிற்று.

விமானம் முடிந்தது. கண்ணாடிப் பெட்டியும் வந்துசேர்ந்தது. திறப்பு விழாவுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. நான் ஒரு தலையணை உறையைத் தைக்கக் கொடுப்பதற்காக அன்று காலை மேலே போயிருந்தேன். பல்லுக்காரர் பின்னறையிலிருந்து அந்தப் பழைய அட்டைப் படத்தைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். “இத நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். அழுக்குப் படாம ஒரு துணி உறை தெச்சுக் குடு.” அந்த அம்மாள் அளவெடுக்க அட்டையை மடியில் வைத்தார். அளவு நாடாவை அட்டையின்மேல் போட்டவர், நாடாவை எடுத்துவிட்டுப் படத்தையே பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

“இதென்ன கூத்து! மூணு பேரும் பொண்டாட்டி கோட்டப் போட்டுட்டு வந்துட்டானுங்களா?”

வாசற்படியில் நின்ற தம்பி எட்டிப் பார்த்தார். “எங்கக்கா?”

“இங்க பாருடா. ஆம்பளக் கோட்டுல இடது பக்கம்தான் மேல வரும். வாழ்க்க பூரா அதத்தான தெக்கறேன். இவனுங்க மூணு பேருக்கும் வலது பக்கம் மேல வருது. மேல் பாக்கெட்டும் வலது நெஞ்சுல இருக்கு. எவன்டா இவனுங்களோட டெய்லரு?”

தம்பி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பல்லுக்காரர் சிரிக்கவில்லை. மனைவியின் கையிலிருந்து படத்தை வாங்கினார். சட்டையைப் போட்டுப் பார்க்க வருபவர்களுக்காக முன்னறைச் சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அதற்கு எதிரே போய் நின்று படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

கண்ணாடியில் மூன்று கோட்டுகளும் முறைப்படி மூடியிருந்தன. இன்ஜின் வலப்புறம் இருந்தது. நெம்புகோல் ஓட்டுபவரின் வலக்கையில் இருந்தது. எல்லாரும் கட்டியதைப்போலத்தான் அந்தச் சைக்கிள் கடைக்காரரும் கட்டியிருந்தார். கண்ணாடித் தகட்டில் எடுத்த படத்தை எவரோ ஒருவர் எப்போதோ தகட்டைப் புரட்டிப்போட்டு அச்சிட்டிருக்கிறார். பக்கம் மாறியதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எழுத்து ஒன்றுகூடப் படத்தில் இல்லாததால், நூறாண்டுகளாக எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வோர் அச்சிலும் வலத்தையும் இடத்தையும் குறித்துவிட்டுத் தொடங்கும் மனிதர், இந்த ஒன்றைக் குறிக்காமலே தொடங்கியிருந்தார். ஐயம் எழுந்தபோதும் படத்தின்மேல் ஐயப்படாமல், படத்திலிருந்தவரின் கைக்கு ஒரு கதை கட்டிவிட்டார்.

அவர் கண்ணாடியைவிட்டுத் திரும்பவேயில்லை. “இவ்வளவு நாளா இந்தப் பக்கம் உக்காந்திருந்திருக்காரு. நான் பாக்கவே இல்ல,” என்று மட்டும் சொன்னார்.

இறுக்கத்தைக் கலைக்கத் தம்பிதான் முயன்றார். “விடுங்கத்தான். அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குப் பின்னால ஒரு கண்ணாடிய மாட்டிட்டா எல்லாம் நேராயிடும்!”

“வாய மூடுடா,” என்றார் அக்காள். ஆனால் பல்லுக்காரர் ஒரு நொடி அதையும் கருத்தோடு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தலையை அசைத்தார். “கண்ணாடியில ஆணி மரையெல்லாம் கூட மாறித் தெரியுமே, மாப்ள.”

அன்று பகல் முழுவதும் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. மாலையில் நான் என் தலையணை உறையை வாங்கப் போனபோது கதவு திறந்திருந்தது. மேசைமேல் இறக்கைகள் தனியே, சக்கரங்கள் தனியே, கம்பிகள் தனியே. வெட்டிய கம்பிகளைக்கூட நீளவாரியாக அடுக்கியிருந்தார். இறக்கைக்கும் சக்கரத்துக்கும் பக்கம் இல்லை, அவை பிழைத்தன. இன்ஜின், சங்கிலி, நெம்புகோல், இருக்கை, காற்றாடியின் முறுக்கு ஆகிய எல்லாம் புதிதாகச் செய்யப்பட வேண்டும். நூலகத்துக்கு ஏற்கெனவே போய்வந்திருந்தார். விழாவைத் தள்ளிவைக்க இயலாது என்றார்களாம். “இறக்கைய மட்டும் இப்ப வைங்க, மீதி வரும்னு சொல்லிட்டு வந்தேன். பலகையையும் எடுக்கச் சொல்லிட்டேன்.” குரலில் வருத்தம் இருந்தது, தடுமாற்றம் இல்லை. மறுபடியும் மெழுகை எடுத்து இளக்கத் தொடங்கிவிட்டார். அந்த வேலை அவருக்குத் தெரியும்.

மனைவிதான் தையலை நிறுத்தாமல் கேட்டார். “பிளேனப் பிரிச்சாச்சு. சரி. அந்த மனுசன என்ன பண்ணப் போறீங்க?”

மெழுகுக் கத்தி நின்றது.

“நீங்க சொல்லலேன்னா அவருக்குத் தெரியப் போறதில்ல. இன்ஜின எதுக்கு மாத்துனீங்கன்னு கேட்டா, ஏதோ அளவு சரியில்லன்னு சொல்லிக்கலாம்,” என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு, கணவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “முடியாதுல்ல?”

“முடியாது.”

“எனக்குத் தெரியும். வாயில வந்ததச் சொல்லிப் பாத்தேன்.”

“அவர் இப்பதான் நல்லா எழுதறாரு,” என்றார் பல்லுக்காரர், கத்தியைக் கீழே வைத்தபடி.

மறுநாள் மாலை, மாத்திரை வாங்குவதற்காக நான் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருமிக்கொண்டு ஒரு பெண்மணி. கடைக்காரர் இடக்கையால் அவருடைய மருந்து உறைமேல் எழுதிக்கொண்டிருந்தார். துணி உறையிலிட்ட படத்தோடு பல்லுக்காரர் வந்தார். வரிசையில் நிற்காமல் நேரே மேசையருகே போனார். அவர் அவ்வாறு செய்து நான் கண்டதில்லை.

“வாங்க வாங்க! எங்க தாத்தா ரெடியாயிட்டாரா?”

“தாத்தா இடதுகைன்னு நான் சொன்னது தப்புங்க.”

கடைக்காரர் சிரித்தபடியே நிமிர்ந்தார். “என்ன தப்பு? நீங்கதான அந்த லிவரக் காட்டினீங்க?”

“படமே திரும்பிப் போன படம். தகட்டப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்காங்க. அந்த மூணு பேரோட கோட்டப் பாருங்க, தெரியும். எங்க வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடிச்சா. எல்லாரும் வெக்கிற பக்கத்துலதான் உங்க தாத்தாவும் வெச்சிருக்காரு.”

சிரிப்பு கடைக்காரரின் முகத்தில் போகாமலும் இருக்காமலும் நின்றது. “அப்ப அவர் சோத்தாங்கைதானா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. இடதுகைன்னு சொல்ல ஆதாரம் இல்ல. வலதுகைன்னு சொல்லவும் இல்ல. தெரிஞ்சாப்ல பேசிட்டேன், அதுதான் தப்பு.”

“பலகை எழுதியாச்சே?”

“எடுக்கச் சொல்லிட்டேன்.”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். இருமிக்கொண்டிருந்த பெண்மணியும் இருமலை அடக்கிக்கொண்டார். “ஏங்க, யாருங்க கோட்டப் பாக்கப் போறா? நூறு வருசமா எவனும் பாக்கல. நீங்க பண்ணினது பண்ணினபடியே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?”

“நேத்தே பிரிச்சுட்டேங்க.”

அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கடைக்காரர் தலையசைத்தார். துணி உறையிலிருந்த படத்தை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல், மருந்துப் பெட்டிகளின்மேல் வைத்தார். காத்திருந்த பெண்மணியைப் பார்த்து, “இதோ ஆச்சும்மா,” என்றார். பேனா அவருடைய இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறியது. மாற்றியது அவருக்கே தெரிந்திருக்காது. முதுகு சற்றுக் குனிந்தது. உறையை அருகில் இழுத்து, ‘காலை’ என்று எழுதத் தொடங்கினார். ‘கா’ சரிந்து ‘லை’யின்மேல் சாய்ந்தது.

பல்லுக்காரர் மேசைக்கு மேலாகத் தம் கைகளை நீட்டினார். மெழுகுப் பல்லை அச்சிலிருந்து எடுப்பதுபோல, அந்தப் பேனாவை விரல்களுக்கிடையிலிருந்து நோகாமல் உருவினார். அதைக் கடைக்காரரின் இடக்கையில் வைத்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அதன்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பின்னர், இடக்கையால் எழுதுபவருக்கு வாகாக, மருந்து உறையை வலப்புறமாகச் சற்றே சாய்த்து வைத்து, அது நழுவாமலிருக்க அதன் ஓரத்தைத் தம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.